ஓடாத வண்டிக்கும் வயதாகும்: பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“வண்டியை எடுக்கிறதே இல்லை, அப்புறம் எதுக்கு சர்வீஸ்?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வண்டிமேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான். வாரம் தவறாமல் கழுவுவார்கள், கவர் போட்டு மூடுவார்கள், சின்னக் கீறல் விழுந்தாலும் மனசு கேட்காது. ஆனால் பானெட்டைத் திறந்து பார்த்து மாதக்கணக்காகியிருக்கும். வண்டியின் வயதை கிலோமீட்டரில் மட்டும் எண்ணுகிற இந்தப் பழக்கத்திலிருந்துதான் பாதித் தவறுகள் கிளம்புகின்றன.

கிலோமீட்டர் ஏறுவது அவ்வளவு பெரிய எதிரி இல்லை. இர்வ் கார்டன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1966இல் வாங்கிய வால்வோ பி1800 காரில் 2013இல் 30 லட்சம் மைலைத் தொட்டார். கிட்டத்தட்ட 48 லட்சம் கிலோமீட்டர்! நடுவில் இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்ததும் உண்டுதான். ஆனாலும் அவர் வித்தை எதுவும் செய்யவில்லை. கையேட்டில் போட்டிருந்தபடி காலாகாலத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினார், வண்டியை நிறுத்திவைக்காமல் ஓட்டினார்.

கையேட்டில் சர்வீஸ் கெடு பெரும்பாலும் இரண்டாகத்தான் இருக்கும்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது. நம்மில் பலர் முன்பாதியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறோம். பிஸ்டன், பேரிங், கியர் எல்லாம் ஓட ஓடத் தேயும், சரி. ஆயில், கூலன்ட், ரப்பர் குழாய், பெல்ட், பேட்டரி, டயர் இவையெல்லாம் வண்டி சும்மா நின்றாலும் கெட்டுக்கொண்டே இருக்கும்.

பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டினால்

தினமும் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டி சுகமாக இருப்பதாகத் தோன்றும். இன்ஜினுக்கு அதைவிடக் கடினமான வேலை குறைவு. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. இன்ஜின் சூடேறாத நிலையில் அந்த ஈரமும், எரியாமல் மிஞ்சும் பெட்ரோலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயிலில் கலக்கின்றன. நீண்ட தூரம் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடானால் இவை ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டரில் அது நடக்க வழியில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிறிய மஞ்சள் நிறத்தில் பாலாடை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் இந்த ஈரம்தான் காரணமாக இருக்கும். மூடியில் மட்டும் இருந்து கூலன்ட் அளவு குறையாமல் இருந்தால், ஆயிலை மாற்றிவிட்டு வண்டியை அவ்வப்போது நீண்ட தூரம் ஓட்டினால் போதும். ஆயில் கேஜிலும் (அளவு பார்க்கும் குச்சி) அதே நிறம் தெரிந்து, கூலன்டும் இறங்கியிருந்தால், ஆயிலும் கூலன்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்படியிருந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைப்பதுதான் புத்திசாலித்தனம்.

பெரும்பாலான கையேடுகளில் கடினமான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கும். அதில் ஆயில் மாற்றும் இடைவெளி குறைவு. பாலைவனத்தில் ஓட்டுபவர்களுக்கானது என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். குறுகிய தூரம், தூசி, நின்று நின்று நகரும் நெரிசல், அதிக பாரம் இவற்றில் ஒன்று இருந்தாலே அது உங்களுக்கான அட்டவணை.

ஆயில் அளவைப் பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் விட்டு, கேஜை உருவித் துடைத்து, மறுபடி முழுசாகச் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். (சில பைக்குகளில் கேஜைத் திருகாமல் வைத்து மட்டும் பார்க்கச் சொல்வார்கள், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்தால் போதும். “கொஞ்சம் கூடவே இருக்கட்டும்” என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால், பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் கிராங்க் தண்டு அந்த ஆயிலில் அடித்து நுரைக்க வைக்கும். நுரையில் காற்றுதான் அதிகம். காற்று எதையும் உராய்விலிருந்து காக்காது. ஆயில் கறுத்துவிட்டதே என்று பதறவும் வேண்டாம். குறிப்பாக டீசல் இன்ஜினில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும், கரியைத் தன்னிடம் இழுத்துக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று.

டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது காட்டுவது ஆயில் அழுத்தத்தை. ஆயில் கொஞ்சம் குறைந்ததும் எரிந்து நினைவூட்டும் என்று நம்பியிருப்பவர்கள் ஏராளம். அது ஓட்டத்தில் எரிகிறது என்றால் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஓரங்கட்டி உடனே அணைக்க வேண்டும். ‘பங்க் வரைக்கும் போயிடலாம்’ என்று ஓட்டினால் இன்ஜின் சீஸ் ஆக (இறுகி நின்றுபோக) நேரம் பிடிக்காது.

கையேட்டில் 5டபிள்யூ-30 என்று ஆயிலின் கெட்டித்தன்மை குறித்திருக்க, கெட்டியான ஆயில்தான் பாதுகாப்பு என்று மாற்றி ஊற்றுவதும் வேண்டாத வேலை. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் அந்த முதல் சில நொடிகளில் கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். பைக்காக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறுகிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருட்கள் கிளட்சை வழுக்க வைக்கலாம். டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக்குறியான ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஊற்றி மறைக்கும் பழக்கம்

குறைந்தால் ஊற்று, அவ்வளவுதானே என்பது பலரின் பராமரிப்புச் சூத்திரம். ஏன் குறைந்தது என்ற கேள்வியை அது அமுக்கிவிடுகிறது.

பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்வோம். பிரேக் பேட் தேயத் தேய, பேடை அழுத்தும் காலிபர் பிஸ்டன் வெளியே நகர்ந்துகொண்டே வரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் போவதால் மேலே டப்பாவில் அளவு மெல்ல இறங்கும். அளவு இறங்கினால் முதல் சந்தேகம் பேட்மேல் வர வேண்டும், அடுத்தது கசிவுமேல். இரண்டையும் பார்க்காமல் மேல்கோடு வரை நிரப்பிவிட்டால் பேட் தேய்ந்த செய்தி அழிந்துவிடும். பிறகு ‘கிரீச்’ சத்தம் வரும். அதையும் பொருட்படுத்தாவிட்டால் இரும்போடு இரும்பு உரசி டிஸ்கும் போகும். பேட் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்காகும்.

அளவு சரியாகவே இருந்தாலும் பிரேக் ஆயிலுக்கு ஆயுள் உண்டு. வழக்கமாகப் பயன்படும் டாட் 3, டாட் 4 வகைகள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டவை. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால் பெடல் பஞ்சு போல் உள்ளே போகும், வண்டி நிற்காது. பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். திறந்து வைத்து மிச்சமான பழைய டப்பாவை அலமாரியில் சேமிக்காதீர்கள். இன்ஜின் ஆயிலோ கிரீஸோ இதில் கலந்தால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

கூலன்ட் கதையும் இதேதான். குறைகிறது என்று குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் ஒருநாள் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சுமார் 106 டிகிரி வரை தாங்கும், ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். அதைவிட முக்கியம், துருவைத் தடுக்கும் ரசாயனம் கூலன்டில்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீர் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். அவசரத்துக்கு ஊற்ற வேண்டி வந்தால் ஊற்றுங்கள், தப்பில்லை. ஊர் திரும்பியதும் கசிவைச் சரிசெய்து கூலன்டை முழுசாக மாற்றிவிட வேண்டும். நிறம் ஒன்றாக இருப்பதால் இரண்டு கூலன்டும் ஒரே வகை என்று எண்ணவும் வேண்டாம், நிறத்துக்குப் பொதுவான தரவிதி எதுவும் கிடையாது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத ரப்பர்

உங்கள் இன்ஜினில் பிஸ்டனின் ஓட்டத்துக்கு ஏற்ப வால்வுகளைத் திறந்து மூட வைப்பது டைமிங் செயினா பெல்டா என்பது தெரியுமா? தெரியாவிட்டால் இன்றே கையேட்டைப் பாருங்கள். பெல்ட் என்றால் அதற்கும் கிலோமீட்டர் கெடு, ஆண்டுக் கெடு இரண்டும் உண்டு. அறுந்துபோகும் முன் சத்தம் எதுவும் கேட்காமலே போகலாம். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்த நொடியில் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வுகளில் மோதும். பழைய வண்டி வாங்குபவர்கள் “இருபதாயிரம்தான் ஓடியிருக்கு” என்பதைக் கேட்டு மயங்கிப் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேட்கவே மறந்துவிடுகிறார்கள். பத்து வயது வண்டியில் அந்த இருபதாயிரம் எந்த ஆறுதலும் தராது.

டயரும் அப்படித்தான். பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) நன்றாகத் தெரிகிறது, அதனால் டயர் புதுசு என்று சொல்ல முடியாது. பக்கச் சுவரில் DOT என்று ஆங்கிலத்தில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பக்கச் சுவரில் வெடிப்பு ஓடத் தொடங்கியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். காற்று அளவை டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிய சூட்டில் அளவு ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். டயரில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிப்பவர்களின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்திருக்கும்.

ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றில் ஊதி ஊதிப் போடுவது சிக்கனம் மாதிரி தெரியும். காகித ஃபில்டரில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால் தூசி நேராக சிலிண்டருக்குப் போய் உப்புத்தாள் வேலை செய்யும். ஃபில்டருக்குப் பின்னால் இன்ஜினை நோக்கிப் போகும் குழாயின் உள்ளே விரலைவிட்டுத் தடவிப் பாருங்கள். மண் ஒட்டினால் ஃபில்டர் கிழிந்திருக்கிறது, அல்லது பெட்டியின் கிளிப் சரியாக மாட்டவில்லை.

பைக் செயினில் ஆயில் போடாமல் விடுவது எல்லோருக்கும் தெரிந்த தவறு. தளர்ந்திருக்கிறதே என்று விறைப்பாக இழுத்துவைப்பதைத் தவறென்றே பலர் நினைப்பதில்லை. பின்சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது செயினின் இழுப்பும் மாறும். கொஞ்சம்கூடத் தொய்வு இல்லாவிட்டால் அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸ் பேரிங்கில் இறங்கும். எத்தனை மில்லிமீட்டர் ஆட வேண்டும் என்பது பல பைக்குகளில் செயின் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும்.

நிறுத்திவைக்கும்போது

மாதக்கணக்கில் வண்டியை எடுக்க முடியாத நிலை வரலாம். அப்போது வீட்டில் இருப்பவர்களிடம் “தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை” என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். இது நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்யும். செல்ஃப் எடுத்த மின்சாரத்தை ஐந்து நிமிட ஐடிலிங் பேட்டரிக்கு முழுசாகத் திருப்பித் தருவது சந்தேகம். இன்ஜினும் பாதிச் சூட்டிலேயே அணைவதால் முன்னால் சொன்ன ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். முடிந்தால் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டச் சொல்லுங்கள், பிரேக்கும் துருப்பிடிக்காது, டயரும் ஒரே இடத்தில் அமுங்காது. ஓட்ட ஆளில்லை என்றால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். போகும் முன் ஆயிலை மாற்றி, டேங்கை நிரப்பி, டயரில் காற்றைச் சரிபார்த்து, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். சமதரையில் கியரில் போட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, கைப்பிரேக்கை இழுக்காமல் விட்டுவிட்டுப் போங்கள். ஈரமான இடத்தில் மாதக்கணக்கில் இழுத்தபடியே இருந்தால் அது ஒட்டிக்கொள்ளும்.