பெற்றோரின் மருத்துவக் காப்பீடு: வரிக்கழிவு கேட்பது எப்படி?

முதலில் எந்த வரி முறை என்று பாருங்கள். புதிய முறையில் 80டி கழிவு, அதாவது மருத்துவக் காப்பீட்டுக்கான வருமான வரிக் கழிவு, கிடையாது. பழைய முறை என்றால் உங்களுக்கும் துணைவருக்கும் உங்களைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து 25,000 ரூபாய் வரை; பெற்றோருக்குத் தனியாக 25,000, அவர்கள் மூத்த குடிமக்கள் என்றால் 50,000. மாமனார் மாமியார் இதில் சேர மாட்டார்கள்.

பெற்றோர் உங்களைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. என் அம்மாவுக்கு ஓய்வூதியம் வருகிறது. பிரீமியம் 31,000 ரூபாயை நான் கட்டுகிறேன், நானே கழிவு கேட்கிறேன். அப்பாவுக்கு 71 வயது, பாலிசி இல்லை. அப்படிப்பட்ட மூத்தவர்களின் மருந்து, பரிசோதனைச் செலவையும் அதே 50,000க்குள் காட்டலாம். பலருக்கும் தெரியாத, அருமையான சலுகை இது. ஆக, அப்பாவின் செலவில் 19,000 வரை எனக்குக் கழிவு உண்டு.

பிரீமியத்தையும் மருந்துச் செலவையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், செல்லாது. யுபிஐ, கார்டு, செக் எல்லாம் சரி. முன்தடுப்புப் பரிசோதனைக்கு மட்டும், இந்த வரம்புக்குள்ளேயே 5,000 வரை, ரொக்கம் ஏற்கப்படும்.

அலுவலகம் கட்டும் குழுக் காப்பீட்டுக்குக் கழிவு இல்லை. சம்பளத்தில் பிடித்த பங்குக்கு உண்டு. இரண்டு வருடப் பிரீமியத்தை மொத்தமாகக் கட்டினால் வருடத்துக்குப் பாதியாகப் பிரித்துக் காட்டுங்கள்.

அப்புறம், படிவத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் கேட்பார்கள். ரசீதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்காருங்கள்.