கேம்பர் வேனுக்கு வெந்நீரும் கதகதப்பும்: ஒரே கேஸ் கீசரில்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வேனையே வீடாக்கிச் சுற்றுபவர்கள் பலர் குளிப்பதற்கு வாங்குவது எக்கோடெம்ப் எல்5 போன்ற, தூக்கிச் செல்லும் கேஸ் கீசர். நம் ஊர் பாத்ரூம் கீசருக்குத் தம்பி மாதிரி. தண்ணீர் ஓடினால் தானே பற்றிக்கொள்ளும், நின்றால் அணைந்துவிடும். இதே கீசரை வைத்து வேனுக்குள் குளிரையும் போக்கலாம்.

ஆனால் ஒன்றில் பேரமே கிடையாது: கீசர் வேனுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். இதற்குப் புகைக்குழாய் இல்லை. எரிந்த வாயு மேல்பக்கமாக அப்படியே வெளியேறும். வேன் அளவு இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேர வெகுநேரம் ஆகாது, வாசனையும் இருக்காது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா? போதாது. கேஸ் பக்கம் எதையும் கழற்றவும் வேண்டாம். மாற்றமெல்லாம் தண்ணீர்ப் பக்கம்தான். அப்படிச் செய்தாலும் வாரண்டி போய்விடும், அதற்குத் தயாராக இருங்கள்.

படி 1: நடுவில் ஒரு தொட்டி

எல்5-இன் பர்னர் மணிக்கு 37,500 பி.டி.யூ, அதாவது சுமார் 11 கிலோவாட். நன்றாக இன்சுலேஷன் செய்த வேனுக்குக் குளிர் இரவில் 2 கிலோவாட் இருந்தாலே பெரிது. வேனைச் சூடாக்கும் ரேடியேட்டரில் நேராக இணைத்தால் திரவம் சட்டென்று கொதிநிலைக்குப் போகும். அதனால் 20 லிட்டர் எவர்சில்வர் தொட்டி ஒன்றை நடுவில் வையுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். ஆனால் அதிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் வேனுக்கு வெளியே திறந்திருக்க வேண்டும். சூட்டில் திரவம் விரியும்போது அழுத்தம் சேராமல் இருக்க இதுதான் வழி.

உள்ளே ஊற்றுவது தண்ணீரும், அதை உறையாமல் காக்கும் புரொப்பிலீன் கிளைகாலும். பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 34 டிகிரி வரை உறையாது. காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் விஷம். குளிக்கிற தண்ணீர் பக்கத்திலேயே ஓடும் இடத்தில் அது வேண்டாம்.

படி 2: சூடேற்றும் சுற்று

திரவம் போகும் வழி: தொட்டியின் அடிப்பகுதி, அழுத்தமாகத் தள்ளும் 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப், கீசர், திரும்பவும் தொட்டி. எல்5 பற்றிக்கொள்ள 20 பி.எஸ்.ஐ அழுத்தம் வேண்டும், சின்ன சர்குலேஷன் பம்பால் அது முடியாது. டயஃப்ரம் பம்புகள் பல 54 டிகிரிக்கு மேல் தாங்காது என்பதால், பம்ப் கீசருக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். ஹோஸ்கள் கார் ஹீட்டர் ஹோஸாகவும், வேன் சுவரில் இருபக்கமும் தானே மூடிக்கொள்ளும் குவிக் கனெக்டராகவும் இருந்தால் பயன்படுத்தாதபோது கீசரைக் கழற்றி உள்ளே எடுத்து வைக்கலாம்.

படி 3: பம்ப் நின்றால் நெருப்பு நிற்கும்

கட்டுப்பாடு மொத்தமும் இதில்தான். தொட்டியில் ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட்: 40 டிகிரியில் பம்பை ஓட்டும், 50-இல் நிறுத்தும். பம்ப் நின்றதும் பர்னர் அணையும். தெர்மோஸ்டாட்டின் சின்ன ரிலேயில் பம்பை நேராக இணைக்காதீர்கள். நடுவில் ஒரு கார் ரிலேயும் ஃப்யூஸும் போடுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டு பம்ப் நிற்காமல் ஓடினால்? அதற்குத்தான் அதே வயரில் 65 டிகிரியில் துண்டிக்கும், கையால் ரீசெட் செய்யும் பைமெட்டல் சுவிட்ச். சின்னச் சாமான்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

படி 4: உள்ளே ஓடும் சுற்று

தொட்டியிலிருந்து சின்ன சர்குலேஷன் பம்ப், இரண்டு திரவங்கள் கலக்காமல் சூட்டை மட்டும் கைமாற்றும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஃபேன் வைத்த கார் ஹீட்டர் ரேடியேட்டர், மறுபடி தொட்டி. எக்ஸ்சேஞ்சரின் மறுபக்கத்தில் குளியல் தண்ணீர் எதிர்த்திசையில் ஓட வேண்டும். ஒரே திசையில் இணைத்தால் வேலை செய்யும், ஆனால் வெதுவெதுப்போடு நின்றுவிடும். ஷவருக்கு முன், குளிர்ந்த தண்ணீரைக் கலந்து சூட்டைச் சீராக்கும் மிக்ஸிங் வால்வ் ஒன்று, 38 டிகிரியில் வைத்து.

படி 5: முதல் பற்றவைப்பு

சிலிண்டரைத் திறந்து, கேஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். பிறகு கேஸை மூடிவிட்டுப் பம்பை மட்டும் ஓட்டுங்கள். முதலில் கடகடவென்று அதிரும். ஹோஸில் இருக்கும் காற்று தொட்டிக்குள் குமிழியாக வந்து தீர்ந்ததும் சத்தம் அடங்கி ஒரே சீராகும். அதற்கு முன் கேஸைத் திறந்தால் டிக் டிக் என்று பொறி அடிக்கும், பற்றும், உடனே அணையும். கீசர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், உள்ளே காற்று இருக்கிறது, அவ்வளவுதான். கேஸ் குமிழை நடுவில் வைத்துத் தொடங்குங்கள், குளிக்கும்போது கூட்டிக்கொள்ளலாம்.

9 கிலோ புரொப்பேன் சிலிண்டர் முழு நெருப்பில் சுமார் 11 மணி நேரம் வரும். தொட்டியின் சூடு சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும், அப்புறம் கீசர் மறுபடி பற்றும். ஆகவே இது படுக்கும் முன்பும் விடிந்த பிறகும் வேனைச் சூடாக்கத்தான். தூங்கப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டரை மூடுங்கள். வேனுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் எப்போதும் இருக்கட்டும். இரவு முழுக்கச் சூடு வேண்டுமென்றால் ட்ரூமா காம்பி போல, வெளிக்காற்றை இழுத்து வெளியிலேயே புகை விடும் மூடிய பர்னர் ஹீட்டருக்குச் செலவழிப்பதுதான் சரி.