தூரத்தை அளந்து மான் கணக்கெடுப்பது எப்படி?

முதுமலை, ஆனைமலை போன்ற காடுகளில் புள்ளிமான், கடமான், காட்டுமாடு எவ்வளவு இருக்கின்றன என்று அறிய நேர்கோட்டுப் பாதையில் நடந்து கணக்கெடுப்பார்கள். 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்பிலும் இரை விலங்குகளுக்கு இதே முறைதான். தலைகளை எண்ணுவதைவிடத் தூரத்தை ஒழுங்காக அளப்பதுதான் இதில் முக்கியம். பாதையை விட்டு விலக விலக எத்தனை விலங்குகள் பார்வைக்குத் தப்புகின்றன என்பதை அந்தத் தூரங்களை வைத்தே கணிக்கிறோம்.

சுமார் 2 கி.மீ. நீளமுள்ள கோடுகளை வரைபடத்தில் வைத்தே முடிவு செய்யுங்கள். ஜீப் ரோடு, ஓடைக்கரை, யானைத்தடம் வசதிதான். ஆனால் ரோட்டோரப் புல்லுக்குப் புள்ளிமான் கூடுவதால் கணக்கு வீங்கிவிடும். உண்ணிச்செடியை ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். அகலமாக வெட்டினால் இளந்தளிரைத் தேடி மான் பாதைக்கே வரும்.

காலை வெளிச்சம் வந்ததும் புறப்படுங்கள். இரண்டு மூன்று பேர் போதும், 2 கி.மீ.க்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பென்சில் கொண்டுபோங்கள், பனியில் பேனா மை கரையும்.

விலங்கைக் கண்டதும் அங்கேயே நில்லுங்கள். இனம், கூட்டத்தில் எத்தனை, கூட்டத்தின் நடுப்பகுதிக்கு ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) காட்டும் தூரம், காம்பஸில் அந்தக் கூட்டத்தின் திசை, பாதையின் திசை ஆகியவற்றைக் குறியுங்கள். இரண்டு திசைகளுக்கும் உள்ள வித்தியாசமே கோணம். 40 மீட்டர் தூரம், 30 டிகிரி கோணம் என்றால் பாதையிலிருந்து செங்குத்துத் தூரம் 40 × சைன் 30 = 20 மீட்டர். கோணத்தை 40 டிகிரி என்று எழுதிவிட்டால் அது ஏறக்குறைய 26 மீட்டராகிவிடும். பக்கத்தில் நிற்கும் காவலர் கையிலுள்ள அரிவாளே காம்பஸ் முள்ளை இழுக்கும். அவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மான் ஓடிவிட்டால் ஓடி நின்ற இடத்தை அளக்கவே கூடாது. முதலில் பார்த்தபோது அது எந்த மரத்தடியில் நின்றதோ, அந்த மரத்துக்கு அளவெடுங்கள். இதில் தவறினால், எந்தத் தூரத்தில் எத்தனை முறை பார்த்தோம் என்று போடும் பட்டை வரைபடத்திலேயே தெரியும்: பாதையை ஒட்டிய முதல் கட்டம் குட்டையாகவும் 20, 30 மீட்டர்க் கட்டம் உயரமாகவும் நிற்கும். 10, 20, 30 என்று முழு எண்களிலேயே குவிந்திருந்தால் யாரோ கருவியை எடுக்காமல் கண்ணாலேயே மதிப்பிட்டிருக்கிறார்கள். முதல் கோளாறை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

யானை எதிர்ப்பட்டால் திரும்பிவிடுங்கள். நடந்த நீளத்தை மட்டும் படிவத்தில் எழுதினால் போதும்.

ஆய்வின்போது மிகத் தொலைவில் கண்டவற்றில் 5 முதல் 10 சதவீதத்தை நீக்கிவிடுவது வழக்கம். ஓர் இனத்துக்கு 60 முதல் 80 காட்சிகளாவது வேண்டும். புள்ளிமானுக்கு இது சீக்கிரம் சேர்ந்துவிடும், கடமானுக்குச் சேராது. அதற்காக ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப நடந்தால் காட்சிகள் கூடுமே தவிர, காட்டின் மற்ற பகுதிகளைப் பற்றி எதுவும் தெரியாது. ஆள் இருந்தால் புதுக் கோடுகள் போடுங்கள்.