ஏலம் கேட்கும் முன் அனுப்பும் செலவைக் கேளுங்கள்

ஈபே ஏலத்தில் அனுப்பும் செலவு தெளிவாக இல்லையென்றால், உங்கள் அஞ்சல் குறியீட்டைச் சொல்லி, "பேக்கிங் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று விற்பவருக்கு அந்தத் தளத்தின் வழியாகவே செய்தி அனுப்புங்கள். உங்கள் பட்ஜெட்டில் அதைக் கழித்து, மிச்சத்துக்கு மட்டும் ஏலம் கேளுங்கள்.

வென்றபின் வாங்கியே ஆகவேண்டும்; பேரம் பேசும் பலம் அதற்கு முன்புதான். எழுத்தில் பதில் இருந்தால் தகராறிலும் கைகொடுக்கும். பெரிய, லேசான பொருளென்றால் பெட்டியின் அளவையும் கேளுங்கள். பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்கின்றன. அந்தக் கிலோ கணக்கு உண்மை எடையை மிஞ்சினால் அதற்குத்தான் கட்டணம். காற்றுக்கும் காசு!

நிலையான கட்டணம் போட்டிருந்தால் இது தேவையில்லை. ஏலம் முடியச் சில நிமிடங்களே இருந்தால் பதில் வராது, அந்த ஏலத்தையே விட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பொருளுக்குச் சுங்க வரி பெரும்பாலும் தனி.