டிராஃப்டை அலசுகிறேன் பேர்வழி என்று…

மார்ச் மாதக் கடைசியில் ஒரு ராத்திரி, 12 நண்பர்கள், 23 ரவுண்டு. பேன்டசி பேஸ்பால் டிராஃப்ட், அதாவது நிஜ பேஸ்பால் வீரர்களை முறை வைத்து ஆளுக்கொருவராக எடுத்து அணி சேர்ப்பது, முடிந்து கடைசிப் பெயரை எடுத்த கையோடு வாட்ஸ்அப் குழுவில் கேள்வி விழும்: "யார் டீம் நல்லா இருக்கு?" அடுத்த அரை மணிக்குள் ஒருவர் எல்லா அணிகளுக்கும் மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுவார். அவருடைய அணிக்கு ஏ இருக்கும். கொஞ்சம் அடக்கமானவர் என்றால் பி பிளஸ். நானும் அப்படிப் போட்டவன்தான். எனவே கீழே வரும் தவறுகள் பெரும்பாலும் சொந்த அனுபவம்.

ஐபிஎல் பேன்டசி மட்டும் ஆடியவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரே வீரரை லட்சம் பேர் தங்கள் அணியில் வைத்துக்கொள்ளலாம். இங்கே, பேட்டிங்கும் பிட்சிங்கும் (பந்து எறிவது) இரண்டும் செய்யும் ஷோஹெய் ஒஹ்தானியை ஒருவர் எடுத்துவிட்டால் மற்ற 11 பேருக்கும் அவர் கிடையாது. எடுத்த அணியை வைத்துக்கொண்டு 162 ஆட்டங்கள் நீளும் பருவம் முழுவதையும் ஓட்ட வேண்டும்; நிஜ ஆட்டங்களில் அவர்கள் குவிக்கும் புள்ளிவிவரம்தான் உங்கள் புள்ளி. ஆகவே ஒரு தேர்வு நல்லதா கெட்டதா என்பது, அந்த நிமிடத்தில் வேறு யார் மிச்சம் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. டிராஃப்டை அலசும்போது இதை மறந்துவிட்டு முடிந்த பட்டியலை மட்டும் பார்க்கிறோம். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் தளமே தரும் கிரேடு. டிராஃப்ட் முடிந்ததும் ஏ, பி, சி என்று வந்து நிற்கும். அது எப்படி வருகிறது? ஒவ்வொரு வீரரும் இந்த வருடம் எத்தனை ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடிப்பார், எத்தனை ரன் எடுப்பார் என்று தளம் ஒரு கணிப்பு வைத்திருக்கிறது. அதை அணிவாரியாகக் கூட்டுகிறது. டிராஃப்ட் அறையில் வீரர்களை வரிசைப்படுத்திக் காட்டியதும் பெரும்பாலும் அதே கணிப்புதான். அந்த வரிசையில் மேலே இருந்தவரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவருக்கு நல்ல கிரேடு கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்? பாடம் நடத்தியவரே கேள்வித்தாளும் எடுத்து விடைத்தாளும் திருத்துகிற கதை. வைஃபை போய், தளமே ஆள் எடுக்கும் ஆட்டோ டிராஃப்டில் விழுந்த நண்பருக்கு முதல் ரேங்க் வருவதும் இதனால்தான். தளத்தை விட ஒரு வீரரைப் பற்றி உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பி எடுத்திருந்தால், அந்த நம்பிக்கைக்கே மதிப்பெண் குறையும்.

அடுத்தது, உங்கள் லீக்கின் விதியை மறந்துவிட்டு ஊருக்குப் பொதுவான பட்டியலோடு ஒப்பிடுவது. கைல் ஷ்வார்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் பிலடெல்பியாவுக்கு 47 ஹோம் ரன் அடித்தார். பேட்டிங் சராசரியோ (பந்தை அடித்துப் பேஸை எட்டிய விகிதம்) மோசமான 0.197. சராசரியை எண்ணும் லீக்கில் அவரைச் சுமப்பதற்குத் தனியாக ஈடுகட்ட வேண்டும். ஆனால் அந்த ஆண்டு 126 முறை வாக், அதாவது பிட்சர் சரியாக எறியாததால் அடிக்காமலே முதல் பேஸ், வாங்கியவர் அவர். வாக்கையும் சேர்த்து எண்ணும் ஆன்-பேஸ் சதவீதம் 0.343. சராசரிக்குப் பதில் ஆன்-பேஸை எண்ணும் லீக்கில் அதே மனிதர் சுமையே இல்லை. ஒஹ்தானி விஷயமும் அப்படித்தான். சில தளங்களில் பேட்டர் ஒஹ்தானியும் பிட்சர் ஒஹ்தானியும் தனித்தனி ஆட்கள், சிலவற்றில் ஒரே ஆள். இதைப் பார்க்காமல் "இவ்வளவு சீக்கிரம் எடுத்துட்டானே" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

இனி நண்பர்கள் அதிகம் சண்டை போடும் விஷயம்: "ரீச்". அதாவது, ஒரு வீரரை அவருடைய சராசரி டிராஃப்ட் இடத்துக்கு, ஏடிபிக்கு, ரொம்ப முன்னாலேயே எடுத்துவிடுவது. ரவுண்டுக்கு ரவுண்டு வரிசை தலைகீழாகும் 12 அணி ஸ்நேக் டிராஃப்டில் முதல் இடத்தில் இருப்பவருக்கு வரும் வாய்ப்புகள் 1, 24, 25, 48, 49. அவர் விரும்பும் வீரரின் ஏடிபி 36 என்று வையுங்கள். 25இல் எடுத்தால் 11 இடம் ரீச் என்று கேலி செய்வார்கள். ஆனால் விட்டால் அடுத்த முறை 48. நடுவில் 22 பேர் போய்விடுவார்கள். 36ஆவது ஆள் அதுவரை உட்கார்ந்திருப்பாரா? அவருக்கு இருந்தது இரண்டே வழி: இப்போது எடுப்பது, அல்லது அடியோடு மறப்பது. இதே தேர்வை நடு இடத்தில் இருப்பவர் செய்திருந்தால் கேலி நியாயம், ஏனென்றால் அவருடைய முறை பத்துப் பன்னிரண்டு பெயருக்குள் மறுபடி வந்துவிடும். இன்னொன்று, ஏடிபி என்பது முகம் தெரியாத ஆயிரம் லீக்குகளின் சராசரி. உங்கள் லீக்கில் பாதிப் பேர் யாங்கீஸ் ரசிகர்கள் என்றால் அந்த அணியின் நட்சத்திரம் ஏரன் ஜட்ஜின் விலை உங்கள் அறையில் வேறு. அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஏல லீக்குகளில் இதே தவறு டாலரில் வரும், அதிலும் போன வருட வீரர்கள் சிலரைத் தக்கவைக்கும் கீப்பர் லீக்கில். வழக்கமான 260 டாலர் பட்ஜெட்டில் 12 அணிகளிடம் மொத்தம் 3,120 டாலர். எல்லா வீரர்களின் மதிப்பையும் கூட்டினால் அதே 3,120 வரும்படிதான் விலைப்பட்டியல் தயாரிப்பார்கள். போன வருடத்திலிருந்து தக்கவைத்த வீரர்களுக்கு எல்லோரும் சேர்ந்து 600 டாலர் கொடுத்திருக்கிறார்கள், அவர்களின் உண்மை மதிப்பு 900 என்று வையுங்கள். மீதிப் பணம் 2,520. மீதிச் சரக்கு 2,220 டாலருக்குத்தான் இருக்கிறது. பட்டியலில் 40 டாலர் போட்டிருக்கும் வீரர் 45க்குப் போவது அன்றைய சந்தை விலை. மறுநாள் பட்டியலை நீட்டி "5 டாலர் தண்டம்" என்று சொல்பவர் இந்த வகுத்தலைச் செய்யவில்லை. நிஜமான தண்டம், ஏலம் முடிந்த பிறகும் பையில் 15 டாலரோடு உட்கார்ந்திருப்பது. அதை ஏனோ யாரும் கேலி செய்வதில்லை.

அளவுகோல் பழையதாக இருப்பதும் ஒரு தவறு. 2023இல் பந்தை எறிய நேர வரம்பு வைக்கும் பிட்ச் கிளாக் வந்தது, பேஸின் (ரன்னர் ஓடிப்போய்த் தொடும் இடம்) அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது, பிட்சர் ரன்னரைத் தடுக்க எறியும் முயற்சிகளுக்கும் வரம்பு வந்தது. விளைவு: 2022இல் மேஜர் லீக் முழுவதிலும் சேர்த்து 2,486 ஆக இருந்த ஸ்டோலன் பேஸ் (பந்து அடிக்கப்படாமலே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது, சுருக்கமாக ஸ்டீல்) ஒரே ஆண்டில் 3,503 ஆகிவிட்டது. முன்பு 20 ஸ்டீல் என்றால் பொக்கிஷம். இன்னமும் அந்த நினைப்பிலேயே "இவனுக்கு வேகம் போதும்" என்று ஓர் அணியைப் பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பேட்டிங்கில் 5, பிட்சிங்கில் 5 என்று பிரிவு வைக்கும் 5-க்கு-5 ரோட்டோவில் ஒவ்வொரு பிரிவிலும் மற்ற 11 பேரோடு ஒப்பிட்டுத்தான் புள்ளி. எல்லோரிடமும் இருப்பது உங்களிடமும் இருந்தால் மேலே ஏற முடியாது.

இதுவரை சொன்னது டிராஃப்ட் இரவின் தவறுகள். பருவம் ஓட ஆரம்பித்த பிறகு செய்கிற தவறு இன்னும் மோசம்: பிறகு நடந்ததை வைத்துத் தேர்வுக்குத் தீர்ப்புச் சொல்வது.

ரொனால்ட் அக்கூன்யா ஜூனியர் 2023இல் 41 ஹோம் ரன், 73 ஸ்டீல். 2024 டிராஃப்டுகளில் முதல் பெயராகப் போனார். மே 26ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் முழங்கால் தசைநார் கிழிந்தது. 49 ஆட்டம், 4 ஹோம் ரன்னோடு பருவம் முடிந்தது. "மார்ச்லயே முட்டி வலின்னு நியூஸ் வந்துச்சே, நான் அப்பவே சொன்னேன்" என்று குழுவில் ஒருவர் எழுதுவார். மார்ச்சில் வலித்தது வலது முழங்கால். மே மாதம் கிழிந்தது இடது. பிட்சர் எட்வின் தியாஸ் கதை இன்னும் பரிதாபம். 2023 மார்ச் 15 அன்று உலக பேஸ்பால் கிளாசிக்கில் புவேர்ட்டோ ரிக்கோ ஜெயித்ததைக் கொண்டாடிக் குதித்தபோது முழங்கால் போய், அந்தப் பருவம் முழுக்க ஆடவில்லை. 14ஆம் தேதி டிராஃப்ட் வைத்து அவரை எடுத்தவர் செய்த தவறு என்ன? தேதி குறித்த கமிஷனரை (லீக்கை நடத்தும் நண்பரை) திட்டலாம், அவ்வளவுதான்.

பிட்சர் ஜேக்கப் டிகிராம் அப்படி இல்லை. 2021இல் 15 ஆட்டத்தில்தான் தொடக்கப் பிட்சராக இறங்கினார், 2022இல் 11. அபாயம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தே இருந்தது. 2023இல் டெக்சஸுக்காக 6 ஆட்டத்தோடு நின்று அறுவை சிகிச்சைக்குப் போனபோது, அவரை முதலிரண்டு ரவுண்டில் எடுத்தவர்களைக் கேள்வி கேட்பதில் நியாயம் இருக்கிறது. காயம்பட்டது தவறில்லை, காயமே படாதவரின் விலையைக் கொடுத்ததுதான் தவறு. இந்த மூன்று பேரையும் "பஸ்ட்" (ஏமாற்றிய தேர்வு) என்ற ஒரே கூடையில் போட்டுவிட்டால் அடுத்த வருடத்துக்கு எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. எதிர்த் திசையிலும் இது பொருந்தும்: கடைசி ரவுண்டில் ஏனோதானோவென்று எடுத்த ஆள் 30 ஹோம் ரன் அடித்தால், எடுத்தவர் அதை ஞானதிருஷ்டி என்று எழுதிக்கொள்வார்.

அவசரமும் இதே குடும்பம். 2024 ஏப்ரல் முடியும்போது ஜட்ஜின் சராசரி 0.210ஐக்கூடத் தொடவில்லை. அவரை எடுத்தவருக்கு அனுதாபச் செய்திகள் குவிந்திருக்கும். பருவம் முடிந்தபோது 0.322, 58 ஹோம் ரன், 144 ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்கள்), லீக்கின் மதிப்புமிக்க வீரருக்கான எம்விபி விருது.

பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களான ஸ்பிரிங் டிரெய்னிங்கின் புள்ளிவிவரத்தைக் காட்டி வாதாடுவதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பாதி நேரம் எதிரே நிற்பது கீழ்மட்ட மைனர் லீக் பிட்சர்.

கேலி இல்லாமல் நண்பர்கள் லீக் கிடையாது, அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வருடம் ஆடுபவரின் அணியை வரிவரியாகக் கிழித்தால், அவர் மே மாதமே தன் அணியில் யார் ஆடுவது என்று மாற்றிப் பார்ப்பதை விட்டுவிடுவார். கேட்பாரற்ற அணி ஒன்று இருந்தால் மொத்த லீக்கும் கெடும். 1980இல் நியூயார்க் நண்பர்களோடு ரோட்டிசெரி லீக்கைத் தொடங்கி இந்த ஆட்டத்தையே உருவாக்கிய டேனியல் ஓக்ரென்ட், தான் உண்டாக்கிய லீக்கில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. புதியவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

நான் இப்போது கிரேடு போடுவதில்லை. டிராஃப்ட் இரவில், சர்ச்சைக்குரிய ஒவ்வொரு தேர்வுக்கும் பக்கத்தில், அந்த நேரத்தில் மிச்சமிருந்த மூன்று பெயர்களை மட்டும் ஒரு தாளில் குறித்து வைக்கிறேன். ஜூலையில் ஆல்-ஸ்டார் இடைவேளையின்போது அதை எடுத்துக் குழுவில் போடுவேன். போன முறை, நான் அதிகம் கேலி செய்த தேர்வின் எதிரே எழுதியிருந்த மூன்று பெயர்களில் இரண்டு பேர் காயப் பட்டியலில் இருந்தார்கள். மூன்றாமவரை எடுத்தது நான்.