சமுராயில் ஏறிய குபோட்டா டீசல்: சுற்று வைக்கும் முறை

சுசுகி சமுராய் ஜீப்பில் குபோட்டாவின் டி1105 டீசல் எஞ்சினை ஏற்றினால், பெட்ரோல் வண்டி ஓட்டிய கால் ஏமாறும். இங்கே பெடல் இழுப்பது கவர்னரின் (எஞ்சின் வேகத்தைக் காக்கும் அமைப்பு) ஸ்பிரிங்கை. டீசல் அளவைக் கவர்னர்தான் தீர்மானிக்கும். மேடு வந்தால் கால் அசையாமலே டீசலைக் கூட்டி வேகத்தைப் பிடிக்கப் பார்க்கும்.

ஜெனரேட்டரிலிருந்து கழற்றிய எஞ்சின் என்றால் முதலில் கவர்னர் ஸ்பிரிங்கின் பாக எண்ணைப் பாருங்கள். ஒரே வேகத்துக்கு அமைந்த ஸ்பிரிங்கை ஸ்க்ரூவால் திருத்தி வண்டிக்குப் பழக்க முடியாது.

ஸ்டார்ட் செய்யுமுன், எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் லீவர் முழுதாக அசைகிறதா பாருங்கள். காற்று போகும் வாயை (இன்டேக்) மூட ஒரு பலகைத் துண்டும் பக்கத்தில் இருக்கட்டும். எஞ்சின் கட்டுமீறி வேகமெடுத்தால் பலகையால் மூடுங்கள்; உள்ளங்கையை வைத்து அடைக்காதீர்கள்.

கிராங்க் புல்லியில் பிரதிபலிப்பு டேப் ஒட்டி, ஒளி டாக்கோமீட்டரால் சுற்றை அளக்கவும். காதை நம்ப வேண்டாம். மூன்று சிலிண்டர் சத்தம் ஏமாற்றும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் கேபிளைக் கழற்றிவிட்டு, ஐடில் (பெடல் மிதிக்காத நிலை) ஸ்க்ரூவின் லாக் நட்டைத் தளர்த்தி நிமிடத்துக்கு 850–900 சுற்றில் நிறுத்துங்கள். கேபிளை மாட்டும்போது 2–3 மி.மீ. தளர்வு விடுங்கள். பெடல் அடியில் தனி ஸ்டாப் வேண்டும்; இல்லாவிட்டால் காலின் பலம் முழுதும் கவர்னர் லீவரில் விழுந்து அது வளையும்.

கியரை நியூட்ரலில் வைத்து மெதுவாக முழு ரேஸ் கொடுத்தால் சுமார் 3200 காட்ட வேண்டும். லோடு ஏறும்போது அது 3000-க்கு இறங்கும். கவர்னரின் இயல்பு அது. உங்கள் மாடல் குறியீட்டுக்குச் சர்வீஸ் புத்தகம் வேறு எண் சொன்னால் அதையே எடுங்கள். எண் குறைந்தால் கவர்னர் லீவர் அதன் மேல் எல்லை ஸ்டாப்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கேபிள்தான் எட்டாமல் நிற்கும்.

அதிகபட்சச் சுற்றைக் கட்டும், சீல் வைத்த மேல் ஸ்க்ரூவைத் திருக ஆசை வரும். 3000-லிருந்து 4000-க்கு ஏற்றினால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்கும் நிலைம விசை 78 சதவீதம் கூடும். தேவையும் இல்லை: ஐந்தாவது கியரில் 3000 சுற்றுக்கே சமுராய் மணிக்குச் சுமார் 80–90 கி.மீ. வேகத்தைத் தொடும். சுமார் 25 குதிரைத்திறன் அதற்கு மேல் தள்ளாது.

ஐடிலில் சுற்று ஏறி இறங்கினால் ஸ்க்ரூவைத் தொடாமல் டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறதா பாருங்கள். அடுத்தது, கவர்னர் இணைப்பில் இறுக்கம். நியூட்ரலில் 3200 வந்து, மேட்டில் கரும்புகையோடு சுற்று விழுந்தால் கீழ் கியர் போடுங்கள், ஏர் ஃபில்டரைப் பாருங்கள். புகையில்லாமல் விழுந்தால் டீசல் ஃபில்டர்.