குழாயில் வாள்மீன் குத்தினால் செய்யக்கூடாதவை

கடலடி ரோபோ ஓட்டப் புதிதாக வருகிறவர்கள், எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கையுறை, கயிறு பற்றியெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். பெரிய மீன் வந்து கருவியில் மோதினால் என்ன செய்யக்கூடாது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

குத்திய அலகைப் பிடுங்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கப்பலுக்கு எண்ணெய் ஏற்றும் மிதவைக் குழாயில் வாள்மீன் பாய்ந்து, அதன் அலகு, அதாவது வாள்போல நீண்ட மேல்தாடை, மாட்டிக்கொள்ளும். திரையில் பார்த்ததும் புதியவரின் கை தானாக ரோபோவின் பிடிக்கரத்துக்குப் போகும். ஒருமுறை, "தம்பி, வேண்டாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பிடுங்கியேவிட்டார். அதுவரை ஒரு சொட்டுக்கூடக் கசியாத இடத்திலிருந்து எண்ணெய் கறுப்பாகச் சுருண்டு கிளம்பியது.

ஓட்டை போட்டதும் அந்த அலகுதான், அதை அடைத்துக்கொண்டு இருப்பதும் அதுதான். முதலில் ஏற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு பக்க வால்வையும் மூடி அழுத்தம் இறங்கட்டும். அப்புறம் அந்தக் குழாய்த் துண்டையே கழற்றி மேலே எடுக்க வேண்டும். இழுத்தால், காலில் முறிந்த முள்போல நுனி ரப்பர் அடுக்குக்குள் தங்கிவிடும்.

"இரட்டை உறைக் குழாய்தானே, தாங்கும்" என்பார்கள். உள்ளுறை கசிந்தால்தான் வெளியுறை தாங்கும். வெளியிலிருந்து குத்தினால் முதலில் போவதே வெளியுறை!

1967இல் அமெரிக்காவின் ஆல்வின் நீர்மூழ்கியில், சுமார் 600 மீட்டர் ஆழத்தில் ஒரு வாள்மீன் குத்தி மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் மீனோடு சேர்த்தே மேலே வந்தார்கள். கப்பலுக்கு வந்த பிறகுதான் அதை எடுத்தார்கள். அதுதான் முறை.

உயிருள்ள மீனை விடுவிக்க முக்குளிப்பவரை அனுப்புவது

கூடவே கூடாது.

விளக்குகளை முழுதாக எரியவிடுவது

வெளிச்சத்துக்கு ஊசிக்கணவாய் வரும், அதைத் தின்ன வாள்மீன் வரும். வேலை இல்லாதபோது குறைத்து வையுங்கள்.

எல்லாப் பழியையும் சுறா மேல் போடுவது

1980களில் கனேரித் தீவுகள் அருகே கடலடிக் கேபிளில் சுறாப் பற்கள் கிடைத்தது உண்மை. ஆனால் பன்னாட்டுக் கேபிள் பாதுகாப்புக் குழுவின் கணக்குப்படி, 2007 முதல் 2014 வரை மீன்கடியால் ஒரு பழுதும் இல்லை. கேபிள்களைப் பெரும்பாலும் அறுப்பவை மீன்பிடிக் கருவிகளும் நங்கூரங்களும்தான்.

காயத்தைப் பாருங்கள். சுறா என்றால் வரிசையாகப் பல் தடம் இருக்கும். வாள்மீன் அலகு தட்டை, துளையும் தட்டையாக இருக்கும். வாள்மீனைப் போலவே நீண்ட அலகுள்ள மார்லின் என்ற மீனுக்கு அலகு உருண்டை, அதனால் துளை வட்டமாகவே விழும். அளந்து, படம் எடுத்து, அதற்கப்புறம் அறிக்கையில் மீனின் பெயரை எழுதுங்கள்.